பட்டமும் வாக்குறுதியும்: அமெரிக்க உளவியல் இளநிலைப் பாடத்திட்ட உருவாக்க வரலாறு (1910–2013)

ஆய்வுச்சுருக்கம்

உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர் உளவியலாளர் ஆவதில்லை. இந்நிலை தற்செயலாக உருவானதன்று. பல பத்தாண்டுகளில் நிகழ்ந்த திட்டமிட்ட முடிவுகளின் விளைவு. அமெரிக்காவில் 1910 முதல் 2013 வரை உளவியல் இளநிலைப் படிப்பைத் திட்டமிட்ட குழுக்களின் பரிந்துரைகளை இக்கட்டுரை காலவரிசையில் ஆராய்கிறது. இளநிலைப் படிப்பு தொழிற்பயிற்சி அன்று என்னும் ஒரே விடையை அக்குழுக்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு காரணங்களுக்காக வழங்கின என்பதும், படிப்பை முடிக்கும் மாணவர் அடுத்து என்ன ஆவார் என்ற கேள்வி திட்டத்திற்குள் மிகவும் பிந்தியே இடம்பெற்றது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. இறுதியில் இந்தியச் சூழலுக்கு இவ்வரலாறு தரும் பொருள் சுருக்கமாகச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உளவியல் கல்வி, இளநிலைப் பட்டம், பாடத்திட்டம், தாராளக் கல்வி, தொழிற்பயிற்சி, கல்வி வரலாறு

முன்னுரை

ஒரு துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் கோட்பாடுகளையும் ஆய்வகங்களையும் ஆளுமைகளையும் பின்பற்றுகின்றனர். அத்துறை தன் பாடத்திட்டத்தை எவ்வாறு வகுத்தது என்பது நிர்வாகச் செய்தியாகக் கருதப்பட்டு ஒதுக்கப்படுகிறது. ஆயினும் எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது, எதை விடுவது என்ற முடிவுகளில்தான் ஒரு துறை தன்னை இன்னதென்று அறிவிக்கிறது. அம்முடிவுகளே மாணவருக்கு அளிக்கப்படும் வாக்குறுதியாகவும் அமைகின்றன.

உளவியலைப் பொறுத்தவரை இவ்வாக்குறுதி சிக்கலானது. பொறியியல், மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் பட்டத்தின் பெயரும் தொழிலின் பெயரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வரலாறு, மெய்யியல் போன்றவற்றில் அத்தகைய பொருத்தத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை. உளவியல் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கிறது. அதன் பெயரில் ஒரு தொழில் உண்டு. ஆனால் இளநிலைப் பட்டம் அத்தொழிலுக்கு உரிமம் தருவதில்லை. இந்த இடைவெளி எப்போது, யாரால், எதற்காக உருவாக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வு வினா.

இவ்வினாவை ஆராய அமெரிக்கச் சூழல் பொருத்தமானது. இளநிலை உளவியல் படிப்பைக் குறித்துத் துறையினரே கூடி விவாதித்து அறிக்கைகள் வெளியிடும் வழக்கம் அங்கு ஒரு நூற்றாண்டாகத் தொடர்ந்துள்ளது. 1910, 1952, 1961, 1973, 1991, 2007, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆவணங்கள் இவ்வரலாற்றின் முக்கியப் படிநிலைகளாகும்.

1. மெய்யியலிலிருந்து பிரிதல்

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கல்லூரிகளில் மனத்தைப் பற்றிய பாடம் உளமெய்யியல், அறமெய்யியல் என்னும் பெயர்களில் கற்பிக்கப்பட்டது. இறுதியாண்டு மாணவருக்கு அதனைக் கல்லூரித் தலைவரே கற்பிப்பது பரவலான வழக்கம். பெரும்பாலும் சமய குருமாராகவும் இருந்த அத்தலைவர்கள், உலக வாழ்வில் நுழையவிருக்கும் இளைஞரின் ஒழுக்கத்தை உறுதிப்படுத்தும் நிறைவுப் பாடமாக அதனைக் கருதினர்.

இந்நிலை 1870களிலிருந்து மாறத் தொடங்கியது. வில்லியம் ஜேம்ஸ் ஹார்வர்டில் 1875–76ஆம் கல்வியாண்டில் உடலியங்கியலுக்கும் உளவியலுக்கும் உள்ள உறவைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் நிறுவிய ஆய்வகம் அமெரிக்க மாணவர் பலரை ஈர்த்தது. ஜி. ஸ்டான்லி ஹால் 1883இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் அமைத்தார். 1892இல் அமெரிக்க உளவியல் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறத்தாழ 40 உளவியல் ஆய்வகங்கள் இருந்தன.

ஆய்வகங்கள் பெருகிய வேகத்தில் பாடத்திட்டம் மாறவில்லை. பல கல்லூரிகளில் உளவியல் மெய்யியல் துறையின் ஒரு பகுதியாகவே நீடித்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் அது கற்பித்தல் முறைக்குத் துணையான பாடமாக இருந்தது. ஆய்வகத்தில் தனி அறிவியலாக விளங்கிய உளவியல், வகுப்பறையில் பிற துறைகளைச் சார்ந்தே நின்றது. முதல் திட்டமிடல் முயற்சி இம்முரணிலிருந்து பிறந்தது.

2. 1910: அறிவியலாகக் கற்பித்தல்

அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த கற்பித்தல் குழுவின் அறிக்கைகள் 1910இல் வெளிவந்தன. ஆய்வகம் உள்ள கல்லூரிகளைப் பற்றி எட்மண்ட் சான்ஃபோர்டும், ஆய்வகம் இல்லாதவையாகக் கருதப்பட்ட கல்லூரிகளைப் பற்றி மேரி விட்டன் கால்கின்ஸும், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி கை விப்பிளும் எழுதினர். கார்ல் சீஷோர் பொது அறிக்கையை வழங்கினார். ஒரே பாடம் மூன்று வகை நிறுவனங்களில் மூன்று நிலைகளில் கற்பிக்கப்பட்டதை இப்பகுப்பே காட்டுகிறது.

இவர்களுள் கால்கின்ஸின் பங்களிப்பு தனிக் கவனத்திற்குரியது. 1891இல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் ஆய்வகம் நிறுவிய அவர், ஹார்வர்டில் முனைவர் பட்டத்திற்கான தகுதிகளை எல்லாம் நிறைவு செய்தும், பெண் என்பதால் அப்பட்டம் மறுக்கப்பட்டவர். 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். உளவியலை வேறொரு துறைக்கான முன்னுரையாகவோ துணையாகவோ கற்பித்தல் கூடாது, அதன் பொருட்டே அதனைக் கற்பிக்கவேண்டும் என்பது அவரது அறிக்கையின் அடிப்படை நிலைப்பாடு. ஆய்வக வசதி இல்லாத இடத்திலும் மாணவர் தாமே உற்றுநோக்கவும் எளிய சோதனைகளைச் செய்யவும் வழியுண்டு என்பது அதன் நடைமுறைப் பகுதி.

உளவியல் ஓர் அறிவியல், அதன் மதிப்பு அதனிடத்திலேயே உள்ளது என்னும் 1910ஆம் ஆண்டு முடிவு எத்தரப்புகளை நோக்கியது என்பது முக்கியமானது. ஒருபுறம் மெய்யியலும் மறுபுறம் ஆசிரியர் பயிற்சியும் அக்குழுவின் முன் இருந்தன. மருத்துவ உளவியல் என்னும் தொழில் அப்போது குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. லைட்னர் விட்மர் பென்சில்வேனியாவில் தம் உளவியல் மருத்துவகத்தை 1896இல்தான் தொடங்கியிருந்தார். எனவே உளவியலாளர் என்ற தொழிலிலிருந்து படிப்பைப் பிரிப்பது 1910ஆம் ஆண்டுக் குழுவின் நோக்கமாக இருந்திருக்க இயலாது. துறையின் சுதந்திரமே அதன் கவலை. பின்வந்தோர் அதே சொற்களை வேறு நோக்கத்திற்காகப் பயன்படுத்தினர்.

3. போரும் உரிமமும்: 1944–1949

இரண்டாம் உலகப்போர் இத்துறையின் அமைப்பையே மாற்றியது. போரிலிருந்து திரும்பிய படைவீரருக்குக் கல்வி உதவி வழங்கும் சட்டம் 1944இல் இயற்றப்பட்டது. அதன் வழியாக ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்ந்தனர். மறுபுறம், உளக்காயங்களுடன் திரும்பிய வீரருக்குச் சிகிச்சை தர உளவியலாளர் தேவைப்பட்டனர். முன்னாள் படைவீரர் நலத்துறை 1946இல் ஏறத்தாழ 200 மாணவருடன் 22 பல்கலைக்கழகங்களில் மருத்துவ உளவியல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. உளநலத்திற்கான தேசியச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது.

தொழில் விரிந்ததும் உரிமம் பற்றிய கேள்வி எழுந்தது. உளவியலாளருக்குச் சான்றளிக்கும் முதல் மாநிலச் சட்டத்தை கனெக்டிகட் 1945இல் இயற்றியது. 1977க்குள் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைக் கொண்டிருந்தன. சட்டத்தின் காப்புப் பெற்ற அப்பெயருக்குரிய தகுதியாக முனைவர் பட்டமே பெரும்பாலும் ஏற்கப்பட்டது.

1949ஆம் ஆண்டு ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் நடந்த மாநாடு இப்போக்கிற்குக் கொள்கை வடிவம் தந்தது. மருத்துவ உளவியலாளர் ஒரே நேரத்தில் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெறவேண்டும். அப்பயிற்சி முனைவர் பட்ட நிலையில் நிகழவேண்டும் என்பன அங்கு எட்டப்பட்ட முடிவுகள். போல்டர் மாநாடு உயர்நிலைப் பயிற்சியைப் பற்றியது என்பதால் இளநிலைப் படிப்பின் வரலாற்றில் அது பேசப்படுவதில்லை. ஆனால் இளநிலைப் படிப்பின் எல்லையை வரையறுத்ததும் அதுவே. தொழிலின் வாயில் மேல்தளத்திற்கு மாற்றப்பட்டபோது, கீழ்த்தளம் எதற்கு என்ற கேள்வி தவிர்க்க இயலாததாயிற்று.

4. 1951: கார்னெல் குழுவின் விடை

இக்கேள்விக்கு விடை காண 1951ஆம் ஆண்டு கோடையில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆறு பேர் கொண்ட குழு கூடியது. டேல் உல்ஃப்லி தலைமையேற்றார். கிளாட் பக்ஸ்டன், சார்லஸ் கோஃபர், ஜான் கஸ்டாட், ராபர்ட் மக்லவுட், வில்பர்ட் மெக்கீச்சி ஆகியோர் பிற உறுப்பினர். இளநிலை உளவியல் கற்பித்தலை மேம்படுத்துவது பற்றிய இவர்களின் அறிக்கை 1952இல் நூலாக வெளிவந்தது.

குழு முதலில் நோக்கங்களை வரையறுத்தது. அறிவு வளர்ச்சியும் தாராளக் கல்வியும், உளவியல் பற்றிய அறிவு, தனிமனித வளர்ச்சியும் சமூகத்தோடு இயைதலும், விரும்பத்தக்க மனப்பாங்கும் சிந்தனைப் பழக்கமும் என அவை நான்கு. தாராளக் கல்வி என்பது இங்கு ஒரு தொழிலுக்கெனக் குறுக்கப்படாது, மனிதரின் சிந்தனையைப் பல திசைகளில் விரிக்கும் கல்வியைக் குறிக்கும். தொழிலுக்கான ஆயத்தம் என்பது அந்நான்கினுள் தனி நோக்கமாக இடம்பெறவில்லை.

பின்னர் பாடங்களின் வரிசை வகுக்கப்பட்டது. முதலில் ஓர் அறிமுகப் பாடம். அடுத்துப் புள்ளியியல், ஊக்கம், புலக்காட்சி, சிந்தனையும் மொழியும், ஆற்றல் என ஐந்து மையப் பாடங்கள். அவற்றுக்கு மேல் சமூக உளவியல், கற்றல், ஒப்பீட்டு உளவியல், உடலியங்கியல் உளவியல் போன்ற சிறப்புப் பாடங்கள். முடிவில் ஆளுமை, உளவியலின் வரலாறும் கோட்பாட்டு முறைகளும் என்னும் தொகுப்புப் பாடங்கள். ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையின்மீது நிற்கும் படிக்கட்டு அமைப்பு இது.

இவ்வமைப்பில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, மையப் பாடங்கள் ஐந்தும் மன நிகழ்வுகளையும் அவற்றை அளக்கும் முறையையும் பற்றியவை. பிறழ்வு உளவியல், ஆலோசனை, சோதனை நடத்தும் நுட்பம் போன்று மாணவர் தொழிலோடு இணைத்துக் காணும் பாடங்கள் மையத்தில் இல்லை. இரண்டாவது, பழைய உளமெய்யியல் வகித்த நிறைவுப் பாடத்தின் இடம் வரலாற்றுக்கும் ஆளுமைக்கும் தரப்பட்டது. கல்லூரித் தலைவரின் அறவுரை நின்ற இடத்தில் துறையின் தன்வரலாறு அமர்ந்தது.

1910ஆம் ஆண்டு அறிக்கைகளோடு இவ்வறிக்கையை ஒப்பிடும்போது விடை ஒன்றாகவே தோன்றும். உளவியல் அதன் பொருட்டே கற்பிக்கப்படவேண்டும் என்று இரண்டுமே கூறுகின்றன. ஆனால் 1951ஆம் ஆண்டுக் குழு எதிர்கொண்ட அழுத்தம் மெய்யியலிடமிருந்து வந்ததன்று. துறைக்குள்ளேயே வளர்ந்துவந்த தொழிலிடமிருந்து வந்தது. போல்டரில் தொழில் முனைவர் நிலைக்கு உயர்த்தப்பட்ட இரண்டே ஆண்டுகளில் கார்னெலில் இளநிலைப் படிப்பு தாராளக் கல்வியாக வரையறுக்கப்பட்டது. இவை தனித்தனி நிகழ்வுகளாகப் பேசப்பட்டாலும் ஒரே பிரிவினையின் இரு பக்கங்கள் எனக் கொள்வதே பொருத்தம்.

5. ஒருமை குலைதல்: 1961, 1973

கார்னெல் குழு ஒரே பாடத்திட்டத்தைப் பரிந்துரைக்க இயலும் என்று நம்பியது. அந்நம்பிக்கை ஒன்பது ஆண்டுகளே நீடித்தது. 1960இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கூடிய குழுவின் அறிக்கையை மெக்கீச்சியும் ஜான் மில்ஹாலண்டும் 1961இல் வெளியிட்டனர். அக்குழுவினரால் ஒரே திட்டத்தில் உடன்பட முடியவில்லை. அவர்கள் மூன்று மாதிரிகளை முன்வைத்தனர்: தலைகீழ்ப் பிரமிடு, மணற்கடிகாரம், நெகிழ்வுத் திட்டம். எங்கே எல்லா மாணவரும் ஒரே பாடத்தைப் படிக்கவேண்டும், எங்கே விருப்பத்திற்கு இடம்தரவேண்டும் என்பதிலேயே இவை வேறுபட்டன. படிப்பின் வேர் தாராளக் கல்வியில் ஊன்றவேண்டும், அது முதன்மையாகத் தொழிற்பயிற்சி ஆகலாகாது என்பதில் மட்டும் அனைவரும் உடன்பட்டனர்.

இது கூர்ந்து நோக்கத்தக்க நிலை. என்ன கற்பிப்பது என்பதில் ஒற்றுமை இல்லை. எதற்காகக் கற்பிக்கக்கூடாது என்பதில் ஒற்றுமை உண்டு. படிப்பின் அடையாளம் எதிர்மறையாக வரையறுக்கப்பட்டது.

வகுப்பறையில் நிகழ்ந்தது இதனினும் வேறு. நாட்டின் கல்லூரி விவரக் கையேடுகளில் காணப்பட்ட உளவியல் பாடத் தலைப்புகளைத் தொகுத்த கணக்கெடுப்புகளின்படி, 1947இல் 261 தலைப்புகள் இருந்தன. 1961இல் அவை 382 ஆயின. 1970களின் இறுதிக்குள் ஆயிரத்தைத் தாண்டின. குழுக்கள் மையத்தைத் தேடிய காலத்தில் கல்லூரிகள் விளிம்புகளை விரித்துக்கொண்டிருந்தன.

இவ்விரிவைக் குறையாகக் காணாத முதல் பெரிய அறிக்கை ஜேம்ஸ் கூலிக் 1973இல் வெளியிட்டது. நாடு தழுவிய ஆய்வின் முடிவில் அவர் பன்மையை ஏற்றுக்கொண்டார். வெவ்வேறு நிறுவனங்களின் மாணவர் வெவ்வேறானவர். சிலருக்குத் தாராளக் கல்வித் திட்டம் பொருந்தும், வேறு சிலருக்குத் தொழிலை நோக்கிய திட்டமே அறிவுக்கும் வாழ்வுக்கும் உகந்ததாகலாம் என்ற கருத்து இவ்வரலாற்றில் முதன்முறையாக மதிப்போடு எழுப்பப்பட்டது. இரண்டாண்டுக் கல்லூரிகளின் வளர்ச்சி இக்கருத்துக்குப் பின்புலமாக அமைந்தது. ஆயினும் பின்வந்த குழுக்கள் இதனை முழுமையாகத் தொடரவில்லை.

6. மாணவர் பெருக்கமும் 1991ஆம் ஆண்டு முயற்சிகளும்

இதற்கிடையே மாணவர் எண்ணிக்கை பன்மடங்கு உயர்ந்தது. 1959–60ஆம் கல்வியாண்டில் ஏறத்தாழ 8,000 உளவியல் இளநிலைப் பட்டங்கள் வழங்கப்பட்டன. 1970–71இல் ஏறத்தாழ 38,000. 2010–11இல் அவை ஒரு இலட்சத்தை எட்டின. 1970களின் தொடக்கத்தில் பட்டம் பெற்றோருள் பெண்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர்.

இவ்வெண்ணிக்கை மாற்றம் பழைய விடையின் அடித்தளத்தை அசைத்தது. 8,000 பட்டதாரிகளின் காலத்தில், அவர்களுள் கணிசமானோர் மேற்படிப்புக்குச் செல்வர் என்று கருதித் திட்டமிடுவது இயலும். ஒரு இலட்சம் பட்டதாரிகளை ஏற்கும் அளவுக்கு முனைவர் பட்ட இடங்கள் எங்கும் இல்லை. பெரும்பான்மையினருக்கு இளநிலைப் பட்டமே உளவியலில் இறுதிப் பட்டம். முனைவர் நிலையில் திறக்கும் தொழில் வாயில் அவர்களுக்கு எக்காலத்தும் திறக்கப்போவதில்லை.

1991இல் வெளிவந்த இரு முயற்சிகள் இச்சூழலில் நிகழ்ந்தன. அமெரிக்கக் கல்லூரிகள் சங்கத்தின் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தாமஸ் மெக்கவர்ன், லாரல் ஃபுருமோட்டோ, டயான் ஹால்பெர்ன், கிரிகரி கிம்பிள், மெக்கீச்சி ஆகியோர் எழுதிய கட்டுரை நான்கு மாதிரிகளை முன்வைத்தது: பொதுநிலை, வளர்ச்சி உளவியல், உயிரியல் உளவியல், உடல்நல உளவியல். அறிமுகப் பாடம், ஆய்வு முறைகள், மேலோட்டப் பாடங்கள், நிறைவுப் பாடம் ஆகியவை எல்லா மாதிரிகளுக்கும் பொது. இவற்றோடு பிறரோடு பழகும் திறனும் சமூகப் பணி அனுபவமும் பாடத்திட்டத்தின் உறுப்புகளாகப் பரிந்துரைக்கப்பட்டன. அதே ஆண்டில் மேரிலாந்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் இளநிலை உளவியல் கல்வி குறித்த தேசிய மாநாடு நடைபெற்றது. அதன் விளைவாக உருவான கையேடு 1993இல் மெக்கவர்னின் பதிப்பில் வெளிவந்தது.

1951, 1960, 1991 ஆகிய மூன்று முயற்சிகளிலும் மெக்கீச்சி இடம்பெற்றமை இம்மரபின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. மாற்றமும் உண்டு. எந்தெந்தப் பாடங்கள் என்ற கேள்வியோடு, மாணவர் எதைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்ற கேள்வியும் இணைந்தது.

7. பாடங்களிலிருந்து அடைவுகளுக்கு: 2007, 2013

கல்லூரிகள் தம் கற்பித்தலின் பயனைச் சான்றுகளோடு காட்டவேண்டும் என்ற எதிர்பார்ப்பு 1990களில் வலுப்பெற்றது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அவை 2006இல் ஏற்று, 2007இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்வெதிர்பார்ப்பின் விளைவு. அவை பாடங்களைப் பட்டியலிடவில்லை; பத்து இலக்குகளைப் பட்டியலிட்டன. முதல் ஐந்து துறை சார்ந்தவை: அறிவுத்தளம், ஆய்வு முறைகள், திறனாய்வுச் சிந்தனை, பயன்பாடு, உளவியலின் விழுமியங்கள். அடுத்த ஐந்து தாராளக் கல்வி சார்ந்தவை: தகவல்–தொழில்நுட்ப அறிவு, தொடர்பாடல், சமூகப் பண்பாட்டு உணர்வு, தனிமனித வளர்ச்சி, வாழ்க்கைத்தொழில் திட்டமிடல்.

2013இல் திருத்தப்பட்ட நெறிகள் பத்தினை ஐந்தாகச் சுருக்கின: அறிவுத்தளம், அறிவியல் விசாரணையும் திறனாய்வுச் சிந்தனையும், பன்மை நிறைந்த உலகில் அறம்சார் பொறுப்பு, தொடர்பாடல், தொழில்நிலை வளர்ச்சி. படிப்பை முடிப்பவர் தம் திறன்களை எவ்வகைப் பணிக்கும் எடுத்துச்செல்லும் ஆற்றலே இங்கு தொழில்நிலை வளர்ச்சி எனப்படுகிறது. உளவியலாளர் பணிக்கான பயிற்சி அன்று.

மாணவரின் வாழ்க்கைத்தொழில் 2007ஆம் ஆண்டுப் பட்டியலில் பத்தாவது இடத்திலும், 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் ஐந்தாவது இடத்திலும் நிற்கிறது. இரண்டிலும் அதுவே இறுதி இடம். வரிசை எண் முதன்மையைக் குறிக்கவேண்டியதில்லை என்பது உண்மையே. எனினும், மாணவர் சேர்க்கையின்போது முதலில் கேட்கும் கேள்வி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே திட்ட ஆவணத்தில் பெயர் பெற்றது என்பதையும், பெற்ற இடம் கடைசி என்பதையும் வரலாற்று ஆய்வு பதிவு செய்யவேண்டியுள்ளது.

இவ்வாறு தாமதமானதற்குத் திட்டமிட்டோரின் அக்கறையின்மை காரணம் என்று கொள்வது பிழையாகும். துறையைப் பிற துறைகளின் பிடியிலிருந்து காப்பது 1910இன் தேவை. அரைகுறைப் பயிற்சியோடு நோயாளரை அணுகுவோரிடமிருந்து மக்களைக் காப்பது 1949–51இன் தேவை. இரண்டும் நியாயமானவை. இருபது வயது இளைஞரை மூன்று நான்கு ஆண்டு வகுப்பறைக் கல்வியோடு சிகிச்சைக்கு அனுப்பக்கூடாது என்ற முடிவு இன்றும் சரியானதே. குறை வேறிடத்தில் உள்ளது: இப்பட்டம் எதற்கு அன்று என்பதைக் குழுக்கள் தெளிவாக அறிந்திருந்தன; அத்தெளிவு துறையினருக்காக எழுதப்பட்ட அறிக்கைகளிலேயே தங்கிவிட்டது.

8. இந்தியச் சூழல்

இவ்வரலாற்றின் சில கூறுகள் இந்தியாவிலும் காணப்படுகின்றன. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலுக்கான பாடத்திட்டத்தை மெய்யியலாளரான பிரஜேந்திரநாத் சீல் வகுத்தார். ஹார்வர்டில் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916இல் அங்குத் தனித்துறை தொடங்கியது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924இல் எம்.வி. கோபாலசாமியின் தலைமையிலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸின் தலைமையிலும் உளவியல் துறைகள் உருவாயின. இங்கும் உளவியல் மெய்யியலின் அருகிலிருந்தே பிரிந்து வந்தது. முதலில் வேரூன்றியதும் உயர்நிலைக் கல்வியிலேயே.

தொழிலின் வாயில் இங்கும் மேல்தளத்தில் அமைந்தது. இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992இல் இயற்றப்பட்டபின், மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற அக்கழகம் ஏற்ற பயிற்சி தேவையாயிற்று. இரண்டாண்டு ஆய்வியல் நிறைஞர் படிப்பே அதன் முதன்மை வழியாக இருந்துவந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளரை வரையறுக்கும்போதும் முதுநிலைக்கு மேற்பட்ட, மேற்பார்வையோடு கூடிய பயிற்சியையே அளவுகோலாகக் கொள்கிறது. இளநிலைப் பட்டம் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

அதே வேளையில் எதிர்த்திசை இழுப்பும் தோன்றியுள்ளது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை உடல்நலப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம், மறுவாழ்வுக் கழகத்தின் வரம்பிலுள்ள மருத்துவ உளவியலாளர் நீங்கலாக, உளவியலாளரைத் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. இச்சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று 2025இல் பல்கலைக்கழக மானியக்குழு அறிவித்தபோது உளவியலும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மறுபுறம், 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு இளநிலைப் படிப்பையும் ஒவ்வோராண்டின் முடிவிலும் வெளியேறும் வாய்ப்பையும் பல்துறைக் கல்வியையும் முன்வைக்கிறது. ஒரு சட்டம் உளவியலை உடல்நலத் தொழிலாகக் காண்கிறது. ஒரு கொள்கை அதனைத் தாராளக் கல்வியின் பகுதியாகக் காண்கிறது. அமெரிக்காவில் 1949க்கும் 1951க்கும் இடையில் பிரிக்கப்பட்ட இரண்டும் இங்கு ஒரே வகுப்பறையில், ஒரே மாணவர்மீது வந்து சேர்கின்றன.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு இதன் விளைவு பொருள் சார்ந்தது. உளவியலாளர் ஆகலாம் என்று நம்பி மூன்றாண்டுப் படிப்பில் சேரும் ஒருவர், அத்தகுதிக்கு மேலும் முதுநிலையும் அதற்கப்பால் மேற்பார்வைப் பயிற்சியும் தேவை என்பதை இறுதியாண்டில் அறிந்தால், அவர் இழப்பது தகவலை மட்டுமன்று. குடும்பம் அவருக்காக ஒதுக்கிய ஆண்டுகளையும் பணத்தையும் பற்றிய கணக்கையும் இழக்கிறார்.

முடிவுரை

அமெரிக்க உளவியல் இளநிலைப் படிப்பின் திட்டமிடல் வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, இப்பட்டத்தின் தொழில்சாராத் தன்மை உளவியலின் இயல்பிலிருந்து தானாகப் பிறந்ததன்று. தொழில் முனைவர் நிலைக்கு உயர்த்தப்பட்டபோது வகுக்கப்பட்ட எல்லை அது. இரண்டாவது, 1910, 1951, 1960 ஆகிய ஆண்டுகளின் குழுக்கள் ஒரே விடையைத் தந்தாலும், அவ்விடை முறையே துறையின் சுதந்திரம், தொழிலின் தரம், பன்மைக்கிடையே எஞ்சிய ஒற்றுமை என வெவ்வேறு தேவைகளுக்குப் பணிபுரிந்தது. மூன்றாவது, படிப்பை முடிக்கும் பெரும்பான்மையினரின் எதிர்காலம் திட்டத்தின் உட்பொருளாக மாறியது 2007க்குப் பின்னரே.

புதிய பாடத்திட்டம் வகுப்போர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது ஒரு பாடப் பட்டியலன்று. 1952இன் ஐந்து மையப் பாடங்களை இன்று அப்படியே எடுத்தாள்வதால் பயனில்லை. ஒரு படிப்பு எதற்கு உரியது, எதற்கு உரியதன்று என்ற முடிவை எடுத்தால், அதனைப் பாடக்குழுவின் கூட்டக் குறிப்பில் மட்டும் எழுதாமல், மாணவர் கையில் முதலில் சேரும் சேர்க்கை விவரக் கையேட்டிலும் எழுதவேண்டும். பாடத்திட்டத்தின் முதல் பக்கம் அங்கேயே தொடங்குகிறது.